சனிக்கிழமை ரவிக்கை

எங்கள் வீட்டில் "சத்தியமா" என்ற சொல்லுக்குத் தண்டனை உண்டு. அது யார் வாயிலிருந்து வந்தாலும், அவர் ஒரு பழைய பாவாடையின் விளிம்பைப் பிரித்துத் திரும்பவும் தைத்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் இருந்தது அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மா வாயில் அந்தச் சொல் வரவே வராது. ஆகவே சட்டம் இருவருக்கும் பொது, தண்டனை முழுக்க எனக்கு. நான் இன்றைக்கும் நேர்த்தியாக விளிம்பு தைக்கிறேன் என்றால், சிறுவயதில் எத்தனை சத்தியம் செய்திருப்பேன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் நாலு வயதுக் குழந்தையாக இருந்தபோது திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறிப் பினாங்குக்கு வந்தோம். அப்பா துறைமுகத்தில் சரக்கு இறங்குவதைப் பார்த்து எழுதும் வேலையில் இருந்தார். சில வருஷங்களில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். டத்தோ கிராமாட்டில் ஒரு பலகை வீட்டின் முன்னறையில் அம்மா கைமிஷின் ஒன்றைப் போட்டுத் தையல் தொழிலைத் தொடங்கினாள். ஞானஸ்நான கவுன், ரவிக்கை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டை, எது வந்தாலும் தைப்பாள்.

சத்தியமே செய்யாதே, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அதோடு வாயை மூடு என்று இயேசு மலையில் உட்கார்ந்து சொன்னது எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரியும். குருவானவர் அதைப் பிரசங்கித்தால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் "கர்த்தர் மேல ஆணையா, நான் அவளப் பத்தி ஒண்ணுமே பேசல" என்பார்கள். அம்மா ஒருத்திதான் அந்தப் போதனையைக் கோயிலிலேயே விட்டுவராமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மிஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

தையல்காரர்களைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு என்பார்கள். நாளைக்குப் போனால் கொக்கி மட்டும்தான் பாக்கி என்பார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி ஒருவர் இருந்தார். கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த துணியை ஈஸ்டருக்குத் தருவார். அம்மா வியாழக்கிழமை என்று சொன்னால் வியாழக்கிழமைதான். முடியாது என்றால் முடியாதுதான். ஒருமுறை டிசம்பர் மாதத்தில் குருவானவர் மனைவியே துணியோடு வந்து நின்றபோதும் "பண்டிகைக்கு முடியாதும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அந்த அம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். நானாக இருந்தால் சரி என்று வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

பாசாரில், அதாவது சந்தையில், இன்னும் வேடிக்கை. மற்றப் பெண்கள் மீன்காரரிடம் ஒரு விலை சொல்வார்கள், அவர் ஒரு விலை சொல்வார், இவர்கள் கோபித்துக்கொண்டு நாலு அடி நடப்பார்கள், அவர் கூப்பிடுவார், திரும்பி வருவார்கள். அது ஒரு கூத்து, எல்லாருக்கும் அதில் சந்தோஷம். அம்மாவோ தன்னால் முடிந்ததை ஒருமுறை சொல்வாள். அவர் தலையாட்டாவிட்டால் நடந்துவிடுவாள். நடந்தால் திரும்பமாட்டாள். முதலில் பழக்கமில்லாத மீன்காரர்கள் "அக்கா, அக்கா! வாங்கலா!" என்று பின்னாலேயே கத்துவார்கள். அந்த நாட்களில் நாங்கள் நிறையக் கீரை சாப்பிட்டோம்.

எல்லாவற்றையும்விட எனக்குச் சங்கடமாக இருந்தது இன்னொன்று. நம் ஜனங்கள் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் "வரேன்" என்றுதான் சொல்வார்கள். "போறேன்" என்று சொன்னால் அபசகுனம் என்பார்கள். அம்மாவுக்கு அதிலும் கணக்கு இருந்தது. திரும்ப வரப்போகிற வீட்டில் மட்டும்தான் "வரேன்" என்பாள். மற்ற இடங்களில் "கிளம்புறேன்", "நல்லா இருங்க" என்று எதையாவது சொல்லி நழுவிவிடுவாள். அது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தைதானே அம்மா என்று நான் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். "எனக்கு வேற மரியாதை இருக்குடி" என்று மிஷினைச் சுற்றத் தொடங்கிவிடுவாள்.

இப்படிப்பட்டவளுக்குக் கல்யாண வயதில் ஒரு மகள். அந்த மகள் நான்தான்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அந்தக் காலத்துக்கு அது கூடுதல்தான். அப்பா இல்லாத வீடு, மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை, இப்படியே வருஷங்கள் போய்விட்டன. எங்கள் சபையில் சம்பந்தம் பேசி முடிப்பதையே ஊழியமாகச் செய்த ஒரு அக்கா இருந்தார். தூது அக்கா என்று நான் அவரைச் சொல்வேன், நேரில் அல்ல. அவர் ஒருநாள் கடலுக்கு அக்கரையில் புக்கிட் தெங்காவில் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்த பையனைப் பற்றிச் செய்தி கொண்டுவந்தார். தோட்டத்து அலுவலகத்தில் எழுத்து வேலை, நல்ல குடும்பம், அம்மா அப்பாவோடு இருக்கிறான் என்றார்.

எனக்கு அவரைத் தெரியும். தெரியும் என்றால், பார்த்திருக்கிறேன். எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகைக்கு ஆளுக்கொரு பொருளைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்போம், ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் விடுவார்கள். அந்த வருஷம் நான் வைத்த பப்பாளியை அக்கரையிலிருந்து வந்த ஒருவர் விடாப்பிடியாக ஏலத்தில் எடுத்தார். புக்கிட் தெங்காவில் பப்பாளிக்குப் பஞ்சமா என்ன? எடுத்த பிறகு அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றார். அவர் நின்ற விதம் எனக்குப் பிடித்துப்போயிற்று.

"சம்மதமா?" என்று அம்மா கேட்டாள். மற்ற வீடுகளில் பெண் தலையைக் குனிந்துகொண்டால் போதும். எங்கள் வீட்டில் ஆம் என்று சொன்னால் அதற்குப் பிறகு மாற்ற முடியாது. அதனால் நன்றாக யோசித்துவிட்டு, ஒரு காலை வேளையில் காப்பித் தம்ளரைக் கீழே வைத்து, "ஆம்" என்றேன். அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

தூது அக்காவுக்கு ஒரே ஒரு கவலைதான். "பொண்ணுக்கு இருபதுன்னு சொல்லிடுறேன், என்ன?"

"இருபத்து மூணு" என்றாள் அம்மா.

"அது எனக்குத் தெரியாதா? ஊர்ல எல்லாரும் ரெண்டு மூணு குறைச்சுத்தான் சொல்லுவாங்க. ஞானஸ்நானம் எழுதின கோயில் ஏடு கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கு, யாரு போய்ப் பார்க்கப் போறா?"

"நான் பார்த்திருக்கேன். இருபத்து மூணுன்னே சொல்லுங்க."

தூது அக்காவோடு பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அப்பா அதிகம் பேசாத மனிதர். பையனின் அம்மா கொஞ்சம் பருமன், பளிச்சென்று பேச்சு. வந்ததும் கண் மிஷின் மேல் போயிற்று. வருகிற வழியில் கடையில் எடுத்த பட்டுத் துணி ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தம்பி குழந்தைக்கு ஞானஸ்நானமாம், ரவிக்கை தைத்துத்தர முடியுமா என்று கேட்டார். அம்மா அங்கேயே அவரை எழுப்பி நிறுத்தி அளவெடுத்தாள். "சனிக்கிழமை தந்துடுறேன்" என்றாள். இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அச்சுமுறுக்குத் தட்டை நான் கொண்டுவந்து வைத்தேன். பப்பாளி மனிதர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தன் தொப்பியை மடியில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வயதுப் பேச்சு வந்தது.

"என் பையனுக்கு இருபத்தெட்டு" என்றார் பையனின் அம்மா. "உங்க பொண்ணுக்கு?"

"இருபத்து மூணு."

"அது சரி. இந்தக்கா சொன்னது அது. நமக்குள்ள சொல்லுங்க. உண்மையில எவ்வளவு?"

"இருபத்து மூணு."

அந்த அம்மாள் சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றுபோயிற்று. "இருபத்து மூணுன்னு சொன்னா இருபத்தாறு இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். நான் கோவிச்சுக்க மாட்டேன், சொல்லுங்க" என்றார். அம்மா மூன்றாம் முறையும் அதையே சொன்னாள். அவர் முகம் மாறியது. எங்கள் மேசை மேலிருந்த வேதப்புத்தகத்தை எடுத்து அம்மா முன்னால் வைத்தார்.

"இது மேல கை வச்சுச் சத்தியம் பண்ணுங்க. நான் நம்புறேன்."

அம்மா கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. "சத்தியம் பண்ணாதேன்னு இதுக்குள்ளதான் எழுதியிருக்கு. இது மேலேயே கை வச்சு எப்படிங்க பண்றது?"

உண்மை பேசுகிறவர்களுக்குச் சத்தியம் செய்ய என்ன தயக்கம் என்றார் அந்த அம்மாள். பையனின் அப்பா தொண்டையைக் கனைத்தார். தூது அக்கா என் அம்மாவின் முதுகில் குத்தியதை நானே பார்த்தேன். பிறகு அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் பண்ணும்மா. ஒரு வார்த்தை. முடிஞ்சது காரியம்."

ஒரு வார்த்தைதான். சிறுவயதில் கோலி விளையாட்டுக்கெல்லாம் அள்ளி வீசிய வார்த்தை. அதைச் சொன்னால் அந்தப் பப்பாளி மனிதரோடு எனக்குக் கல்யாணம். சொல்லாவிட்டால் அவர் எழுந்து போய்விடுவார். சொன்னால் அதற்குப் பாவாடை விளிம்பைப் பிரித்துத் தைத்துவிடலாம் என்றுகூட மனசு கணக்குப் போட்டது. ஆனால் அம்மா என்னைப் பார்க்கவில்லை. சொல் என்றும் காட்டவில்லை, சொல்லாதே என்றும் காட்டவில்லை. அந்த வருஷங்கள் முழுக்க அவள் சாப்பிட்ட கீரையெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

"எனக்கு இருபத்து மூணு" என்றேன். "அம்மா சொன்னதுக்கு மேல எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லீங்க."

"அப்போ இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்று அந்த அம்மாள் எழுந்தார், மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். முறுக்கு அப்படியே இருந்தது. பப்பாளி மனிதர் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் அப்பாவின் பின்னால் போனார். யாரும் "வரேன்" என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது, எனக்கு இருந்தது.

தூது அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இருபதுன்னு சொல்லியிருந்தா அவங்களே இருபத்து மூணுன்னு புரிஞ்சுக்கிட்டிருப்பாங்க! நீ உண்மையச் சொல்லி அவங்கள இருபத்தாறுன்னு நம்ப வச்சிட்டியே!" என்றார். அந்தக் கணக்கை நான் இன்றும் போட்டுப் பார்க்கிறேன்.

அவர் போன பிறகு நான் பின்கட்டில் போய் அழுதேன். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, நன்றாகவே அழுதேன். திரும்பி வந்தபோது அம்மா அந்தப் பட்டுத் துணியை விரித்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"ரவிக்கை."

"அவங்கதான் சம்பந்தமே வேண்டாம்னு போயிட்டாங்களே! துணிய வெட்டாம அக்காகிட்டக் கொடுத்தனுப்பு."

"சம்பந்தம் வேண்டாம்னாங்க. ரவிக்கை வேண்டாம்னு சொல்லல. நான் சனிக்கிழமைன்னு சொல்லிட்டேன்."

அந்த வாரம் முழுவதும் எனக்கு அம்மா மேல் அப்படி ஒரு கோபம். கொக்கி வைப்பதும் கைத்தையலும் என் வேலை. கோபத்தில் நூலை இழுத்து இழுத்துத் தைத்தேன். துணி சுருங்கி நின்றது. அம்மா அதைப் பிரித்து என் கையில் திரும்பக் கொடுத்தாள். கழுத்துப் பக்கம் ஒரு குண்டூசியை மறந்ததுபோல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். நினைத்ததோடு சரி. மூன்றாம் முறை தைத்தபோது தையல் எறும்பு வரிசைபோல் ஒழுங்காக வந்தது. தைத்தவளுக்கே பெருமையாக இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

சனிக்கிழமை காலையில் அம்மா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பினாள். கல்யாணப் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது முறையில்லை என்று வழியில் பார்த்த தூது அக்கா கூச்சல் போட்டார். "அவ கல்யாணப் பொண்ணு இல்லையே, அவங்கதான் வேண்டாம்னுட்டாங்களே. இவ தையல்காரி மக" என்றாள் அம்மா. துறைமுகத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்த நம் ஆட்கள் வழிவிட, ஃபெரி ஏறி அக்கரை போய், வாடகை வண்டி பிடித்துப் புக்கிட் தெங்கா போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் மழை. பொட்டலத்தை அம்மா சேலைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் நனைந்தாள், பட்டு நனையவில்லை.

நான் வீட்டுக்குள் போகவில்லை. வாசலில் இருந்த ரம்புத்தான் மரத்தடியில் நின்றுகொண்டேன். கதவைத் திறந்த அந்த அம்மாள் பேயைப் பார்த்ததுபோல் நின்றார். சமாதானம் பேச வந்திருக்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார். முகத்தை இறுக்கிக்கொண்டு, "அந்தப் பேச்சு முடிஞ்சு போச்சுங்களே" என்றார்.

"ரவிக்கை கொண்டுவந்தேன்" என்றாள் அம்மா. "போட்டுப் பாருங்க. பிடிக்கலேன்னா இங்கேயே சரிபண்ணித் தரேன். ஊசி நூல் எடுத்துட்டு வந்திருக்கேன்."

அந்த அம்மாள் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். தோளைத் தடவிப் பார்த்தார், கையைத் தூக்கிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. இதற்குள் பப்பாளி மனிதர் பின்பக்கமாக வந்து என் பக்கத்தில் ஒரு முக்காலியை வைத்துவிட்டு, உட்காரச் சொல்லவும் தெரியாமல், போகவும் தெரியாமல் நின்றார். நான் உட்காரவில்லை. கோபம்தான். ஆனால் முக்காலியைப் பார்த்துக்கொண்டேன்.

அம்மா கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு படி இறங்கினாள். நனைந்த சேலையை உதறிவிட்டு, வழக்கமான நழுவல் எதுவும் இல்லாமல், "போறேன்மா" என்றாள்.

அந்த அம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, என்ன இது! மழை நேரத்துல வீட்டு வாசல்ல நின்னு போறேன்னு சொல்றீங்களே. வரேன்னு சொல்லிட்டுப் போங்க."

"திரும்ப வருவேனான்னு எனக்குத் தெரியாதேம்மா. தெரியாதத எப்படிச் சொல்றது?" அம்மா குத்தலாகச் சொல்லவில்லை. அளவு கேட்டால் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

அந்த அம்மாள் புது ரவிக்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வரேன்"கூடச் சொல்லத் துணியாத ஒருத்தியிடம்தான் மகளின் வயதைத் திருப்பித் திருப்பிக் கேட்டோம் என்று அந்த நிமிஷம் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பிறகு விறுவிறுவென்று படியிறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்தார்.

"உள்ள வாங்க. ஒண்ணு சொல்லணும்... இல்ல, இங்கேயே சொல்லிடுறேன். என் பையனுக்கு இருபத்தெட்டு இல்ல. இருபத்து நாலு."

என் பக்கத்தில் நின்றவர் காது சிவந்துவிட்டது.

"பொண்ணுக்கு இருபத்து மூணுன்னு அந்தக்கா சொன்னதும், நிச்சயம் இருபத்தஞ்சு இருபத்தாறு இருக்கும்னு நெனச்சேன். பையன் சின்னவன்னு தெரிஞ்சா நீங்க வேண்டாம்பீங்களேன்னு நாலு வயசு ஏத்திச் சொல்லிட்டேன். அன்னைக்கு உங்க வீட்டுல உட்கார்ந்திருக்கும்போது பயம் வந்துருச்சு. பொண்ணு பையனவிட மூத்தவளாப் போயிட்டா என்ன பண்றதுன்னு. அதான் சத்தியம் கேட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "உண்மையிலேயே இருபத்து மூணுதானா?"

"ஆமா" என்றாள் அம்மா.

வேதப்புத்தகம் உள்ளே மேசை மேல் இருந்தது, வாசலிலிருந்தே தெரிந்தது. அந்த அம்மாள் அதன் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவின் அந்த ஒரு சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்துவிட்டு, என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "மரத்தடியில ஏன்மா நிக்கிறே? உள்ள வா."

அன்று அந்த வீட்டில் சாப்பிட்டோம். கிளம்பும்போது அம்மா படியில் நின்று, தெளிவாக, "வரேன்" என்றாள். என் அம்மாவைப் பற்றி எனக்குள் இருந்த பெருமையெல்லாம் அந்த ஒரு நாளில் சேர்ந்ததுதான். அதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. சபையில் எத்தனையோ பேர் அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். மழையில் நனைந்து அதைப் பொட்டலம் கட்டி அக்கரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவள் என் அம்மா.

மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள். தூது அக்கா தன்னால்தான் எல்லாம் கூடிவந்தது என்று எல்லாரிடமும் ஆணையிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். கோயிலில் மணமக்கள் கொடுக்கிற வாக்கு மட்டும் சத்தியம் இல்லையா என்று நான் அம்மாவைச் சீண்டினேன். "குருவானவர் கேட்கிறார், நீ பதில் சொல்றே. அவ்வளவுதான். பதில் உண்மையா இருக்கட்டும்" என்றாள். குருவானவர் கேட்டபோது வெட்கத்தோடு முணுமுணுக்காமல் கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கும்படி சம்மதம் என்றேன். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

மாலையில் டத்தோ கிராமாட் வீட்டு வாசலில் வண்டி நின்றது. பெட்டியை ஏற்றியாயிற்று. மிஷின் பக்கத்தில் நின்ற அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எல்லாப் பெண்களையும் போல நானும் அழுதுகொண்டே, "போயிட்டு வரேன்மா" என்றேன்.

அம்மா என் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனாலும் கேட்டாள்: "எப்போ?"

"அடுத்த சனிக்கிழமை" என்றேன்.

அந்தச் சனிக்கிழமையும் மழைதான். காலையிலிருந்தே கொட்டியது. நாளைக்குப் போகலாமே என்றார் அவர். மாமியார் அவரை ஒரு முறைப்பு முறைத்துவிட்டுக் குடையை எடுத்து என் கையில் கொடுத்தார். ஃபெரி நேரமாகித்தான் வந்தது. சேலையெல்லாம் நனைந்து நான் வீட்டுப் படியேறியபோது அம்மா மிஷினைச் சுற்றிக்கொண்டிருந்தாள். எழுந்து துண்டை எடுத்துக் கொடுத்தாள். வந்துட்டியா என்றுகூடக் கேட்கவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே அடுப்படிக்குள் போனேன். உலையில் இரண்டு பேருக்கு அரிசி வெந்துகொண்டிருந்தது.